பூச்சு உதிர்ந்த சுவரைப் படமெடுப்பது

"பூசிக் கெடுத்துட்டாங்க." பழைய கட்டடங்களைத் தேடிப்போய்ப் படமெடுப்பவர்களோடு பழகினால் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். செங்கல் தெரிய நின்ற ஏதோ ஒரு மண்டபத்துக்குப் பூச்சு வேலை செய்து வெள்ளையடித்திருப்பார்கள். போன தடவை எடுத்த படத்தையும் இந்தத் தடவை எடுத்த படத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா இருந்துச்சு, போச்சு" என்பார்கள். சிமென்டைக் குழைத்து அப்பி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் முறைப்படி சுண்ணாம்புக் காரை அரைத்து, பழைய பூச்சு எப்படி இருந்ததோ அதைப் பார்த்துச் செய்த வேலைக்கும் இதே திட்டுதான் கிடைக்கிறது. அது எனக்குப் பல நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சுவர் சிவப்பாக இருக்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? கட்டியவர் அதைச் சிவப்பாகப் பார்த்திருப்பாரா?

இந்த ஆசையில் பாதி கேமராவின் ஆசை என்று நினைக்கிறேன். காலை வெயில் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு நூல் கனத்துக்கு நிழல் விழும். சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல் கருஞ்சிவப்பு, தள்ளி இருந்தது ஆரஞ்சு, சரியாக வேகாதது மங்கல் மஞ்சள். ஒரே சுவரில் இத்தனை நிறம், இத்தனை சொரசொரப்பு, நடுவில் எங்கேயோ முளைத்த ஒரு ஆலங்கன்று. இதில் மோசமான படம் எடுப்பதுதான் கஷ்டம். வெள்ளைச் சுவர் அப்படியில்லை. கொஞ்சம் வெளிச்சம் கூடினால் வெளிறிப்போகும், குறைத்தால் அழுக்குச் சாம்பலாகும், விவரம் எதுவும் பதியாது. கேமராவுக்கு எது சுலபமோ அதுவே அழகு, அதுவே பழமை, அதுவே உண்மை என்று நம் கண் மெல்ல மெல்லப் பழகிவிடுகிறது. பயணத்துக்கு முன் நாம் பார்க்கும் படங்களும் இப்படி எடுத்தவைதான் என்பதால், போய் இறங்கும்போதே சிவப்பைத் தேடிக்கொண்டுதான் இறங்குகிறோம்.

இதை வெறும் சந்தேகமாக வைத்திருந்தேன். இலங்கையின் அனுராதபுரத்தில்தான் அது கெட்டிப்பட்டது.

இரண்டு தூபிகள்

அங்கே ருவன்வெலிசாயவும் ஜேதவனாராமயவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கின்றன. ருவன்வெலிசாய முழு வெள்ளை. சுற்றுமதிலில் வரிசையாக யானைகள், வெள்ளை உடுத்திப் பூக்கூடையோடு வருகிற மக்கள், ஓதும் சத்தம். ஜேதவனாராமய வெறும் செங்கல். மொட்டையான உச்சி, இடுக்குகளில் புல், அதன்மேல் சாயங்கால வெயில். கூட வந்த நண்பர் வெள்ளைத் தூபியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இது புதுசு போலங்க, வாங்க பழசுக்குப் போவோம்" என்றார். அப்புறம் இருட்டும்வரை அவர் ஜேதவனாராமயவைவிட்டு நகரவில்லை. பெரிய லென்சைப் போட்டுக்கொண்டு கல் கல்லாக எடுத்தார். பார்க்க அவ்வளவு அழகாகவும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் காலக்கணக்கு நேர்மாறானது. ருவன்வெலிசாய சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டியது, அதாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டு. ஜேதவனாராமய மகாசேனன் தொடங்கியது, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில். "புதுசு" என்று அவர் ஒதுக்கியது "பழசு" என்று கொண்டாடியதைவிட ஏறக்குறைய 400 ஆண்டு மூத்தது. ருவன்வெலிசாயவும் 19ஆம் நூற்றாண்டில் காடு மண்டிய மேடாகத்தான் கிடந்தது. பிறகு பல்லாண்டுகள் பணி நடந்து, 1940இல்தான் உச்சியில் முடி ஏறியது. ஆகவே இன்று நாம் பார்க்கும் அதன் மேனி புதிது என்று சொன்னால் அதில் தவறில்லை. ஜேதவனாராமயவின் மேனி மட்டும் என்னவாம்? அதன் மேற்பரப்பிலும் பாதுகாப்புப் பணியின்போது புதிதாக அடுக்கிய செங்கல் கலந்திருக்கிறது. எழுப்பிய காலத்தில் இதுவும் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாக நின்றதுதான். அப்போது 122 மீட்டர் உயரம். கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்து உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான் என்கிறார்கள். செங்கல் மட்டும் 9 கோடிக்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு. இன்று மிஞ்சியிருப்பது 71 மீட்டர். அத்தனை பெரிய வெள்ளைக் குவிமாடம் காட்டுக்கு மேலே எழுந்து நிற்பதைத்தான் அதைக் கட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். நாம் ரசிக்கிற சிவப்பை அவர்கள் கண்டிருந்தால் பதறியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான் எடுத்ததெல்லாம் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் எடுத்தது ஒரு கட்டடத்தின் பிற்கால வாழ்க்கையை. கைவிடப்பட்டது, காடேறியது, மறுபடி கண்டெடுக்கப்பட்டது, அகழ்ந்து பாதுகாக்கப்பட்டது எல்லாமே அதற்கு நடந்த உண்மைதான். அந்தப் படம் பொய்யில்லை. அதன் கீழே "1700 ஆண்டுகளாக இப்படியே நிற்கிறது" என்று எழுதினால்தான் பொய்.

அதே ஊரில் இன்னொரு செங்கல் மேடு இருக்கிறது, தக்கிண தூபம். நீண்ட காலம் அதைத் தமிழ் மன்னன் எல்லாளனின் சமாதி என்றுதான் மக்கள் சொல்லிவந்தார்கள். துட்டகைமுனு தன்னிடம் தோற்ற எல்லாளனுக்கு மரியாதை செய்து, அவ்வழியே போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்ட கதையை இங்கே படிக்கிறவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தொல்லியல் அறிஞர் பரணவிதான அகழ்ந்து, இது பௌத்தத் தூபிதான் என்று அடையாளம் சொன்னார். அதன் அரசியல் இன்றைக்கும் ஆறவில்லை. மேலே பூச்சு இல்லை, எழுத்து இல்லை, வெறும் கல் மட்டும் என்றால், அந்தக் கட்டடத்தின் மேல் யார் வேண்டுமானாலும் ஒரு கதையைப் பூசிவிடலாம். அங்கே நின்று ஷட்டரை அழுத்துவது மற்ற இடங்களைப்போல லேசாக இல்லை.

காட்டவா, மறைக்கவா

அதற்குப் பிறகு எந்தச் செங்கல் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொத்தனார் இந்தக் கல்லைக் கண்ணில் படவேண்டும் என்று வைத்தாரா, மூடப்போகிறோம் என்று வைத்தாரா? கிட்டே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். காட்டுவதற்காகக் கட்டிய சுவரில் சாந்துக் கோடு மெல்லியதாக, ஒரே கனத்தில் ஓடும். கற்கள் நிறமும் அளவும் பார்த்துப் பொறுக்கியவையாக இருக்கும். நீளவாட்டில் ஒரு கல், குறுக்குவாட்டில் ஒரு கல் என்று மாற்றி வைத்த முறை தப்பாமல் வரும். மூலைக்கும் வளைவுக்கும் அச்சிலேயே வார்த்த தனிக்கல் இருக்கும். மூடப்போகிற சுவரில் அந்தக் கவலையெல்லாம் இல்லை. உடைந்த கல், அரைக்கல், கோணல் கல் எல்லாம் உள்ளே போயிருக்கும். சாந்து விரல் தடிமனில் பிதுங்கி நிற்கும். பூச்சு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டிருப்பார்கள். கார்னிசுக்கு அடியில், மாடத்தின் உள்மூலையில், மழை நேராக அடிக்காத இடங்களில் கண்ணை ஓட்டினால் பழைய பூச்சு உள்ளங்கை அகலத்துக்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த உள்ளங்கையகலத் துண்டுதான் இப்போது முதல் படம். முழுக் கட்டடத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

காட்டுவதற்காகவே கட்டியவையும் உலகத்தில் ஏராளம், அவற்றை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. உஸ்பெகிஸ்தானின் புகாராவில் சாமானி அரச வம்சத்தின் கல்லறை 10ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதில் செங்கல்தான் சுவர், செங்கல்தான் அலங்காரம். படுக்கவைத்தும் நிமிர்த்தியும் சாய்த்தும் பாய் முடைந்ததுபோல் அடுக்கியிருக்கிறார்கள், வெயில் நகர நகர அந்த முடைச்சலின் நிழலும் மாறுகிறது. வங்கத்தில் பிஷ்ணுபூரில் கட்டுவதற்கு நல்ல கல் கிடைக்காததால் மல்ல அரசர்கள் மண்ணையே சுட்டுக் கோயில் எழுப்பினார்கள். 1643இல் கட்டிய சியாம் ராய் கோயிலில் சுடுமண் பலகைகள் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரான்சின் ஆல்பி நகரத்துக் கதீட்ரல் 1282இல் தொடங்கியது, கோட்டைச் சுவர்போல ஒரே செங்கல். சென்னையில் உயர் நீதிமன்றம் (1892) செங்கல்லின் சிவப்பையே தன் முகமாக வைத்துக்கொண்டது. இவற்றின் மேல் யாராவது பூச்சு பூசினால் அது அநியாயம்தான்.

ஆனால் நாளந்தா அப்படியில்லை, புத்தகயா அப்படியில்லை, மியன்மாரின் பாகன் சமவெளியில் பரவிக் கிடக்கும் கோயில்களில் பெரும்பாலானவையும் அப்படியில்லை. நாளந்தாவில் 3ஆம் எண் கோயிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது ஒரே தடவையில் கட்டியது அல்ல. பழையதை உள்ளே வைத்து மூடி, அதன்மேல் புதியது, அதையும் மூடி இன்னொன்று என்று ஏழு கட்டமாக வளர்ந்தது. ஐந்தாம் கட்டத்து மூலைக் கோபுரங்களில் சுதைப் புத்தர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த உருவங்களின் உடை மடிப்புகூடத் தெரிகிறது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் இன்னொரு அடுக்கைக் கட்டி மூடியதால்தான் அவை இத்தனை நூற்றாண்டு மழைக்குத் தப்பின. வெளியே நின்றிருந்தால் எப்போதோ கரைந்து, அந்த இடத்திலும் நாம் வெறும் செங்கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த ஒரு பழைய மாளிகையில் வயதான கொத்தனார் ஒருவரை அரை நாள் பின்தொடர்ந்தேன். கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம், பிடிப்பு விட்டுப்போன இடத்தில் பொள்ளென்று ஒரு சத்தம். பொள்ளலான இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். மொத்தச் சுவரையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கேட்டதற்கு, "ஒட்டிட்டிருக்கறத எதுக்குத் தம்பி பேர்க்கணும்? அது நம்மளுக்கு முன்னாடி வந்த ஆளு செஞ்ச வேல" என்றார். அப்புறம் பூச்சு போயிருந்த ஒரு இடத்தைக் காட்டி, கல்லை நகத்தால் சுரண்டச் சொன்னார். மாவுபோல உதிர்ந்தது. சூளையில் கல்லின் வெளிப்பக்கம்தான் நன்றாக வெந்து கெட்டிப்படும். அந்த ஓடு போய்விட்டால் உள்ளே இருப்பது மெத்து, மழையும் உப்பும் சேர்ந்து அதைத் தின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. செங்கல் தெரிந்தால் அழகு என்ற ரசனை இப்போது படங்களோடு நிற்பதில்லை. நன்றாக இருக்கிற பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்து, மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் 'சுத்தம்' செய்து, இடுக்குகளில் சிமென்ட் அடைத்து, மேலே வார்னிஷும் பூசிவிடுகிறார்கள். மணல் அடித்ததில் கல்லின் வெந்த ஓடு போகிறது. சிமென்ட் கல்லைவிடக் கடினம், சுண்ணாம்பைப்போல ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் ஏறிய தண்ணீர் சாந்து வழியாகப் போக முடியாமல் கல் வழியாக வெளியேறும்போது உப்புப் பூக்கிறது, கல்லின் முகம் ஏடு ஏடாக உரிகிறது. சாந்து மட்டும் கூடுபோல் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்துபோன சுவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிட்டப் படத்தில் அது பிரமாதமாக வரும். அந்தப் படம் பரவி, அதே 'லுக்' வேண்டும் என்று இன்னொரு இடத்தில் இன்னொரு சுவரை உரிப்பார்கள்.

கல் சொல்வதைக் கேட்பது

பூச்சு போனதால் நமக்குக் கிடைத்த அறிவும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரோமில் பாந்தியன் கோயிலின் முகப்பில் பெரிய எழுத்தில் "லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது இதைக் கட்டினான்" என்று இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறோம். அதை நம்பி நெடுங்காலம் இந்தக் கட்டடத்தை அக்ரிப்பாவின் காலத்தில், அதாவது கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தார்கள். 1892 வாக்கில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் செதான் உள்ளே ஆராய்ந்தபோது செங்கற்களில் முத்திரைகள் கிடைத்தன. ரோமானியச் சூளைகள் கல் ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்தும் பழக்கம் இருந்தது, சிலவற்றில் அந்த ஆண்டின் கான்சல்கள், அதாவது ஆண்டுக்கு ஆண்டு மாறும் உயர் பதவியாளர்கள் பெயரும் இருக்கும். அந்த முத்திரைகள் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஆக, நாம் பார்க்கும் கட்டடம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தது, பழைய கட்டடத்தின் கல்வெட்டை மரியாதைக்காக முகப்பில் வைத்திருக்கிறார்கள். முகப்பில் இருக்கும் எழுத்து ஒன்று சொல்ல, சுவருக்குள் இருக்கும் கல் வேறொன்று சொல்கிறது. அங்கே போனால் கூட்டத்தோடு முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் பக்கவாட்டுத் தெரு வழியாகப் பின்னால் போங்கள். வட்டச் சுவரில் செங்கல் வளைவுகள் புதைந்திருப்பது தெரியும். குவிமாடத்தின் பாரத்தை அங்கங்கே திருப்பிவிடுவதற்காக வைத்தவை. மேலே இருந்த உறை போனதால்தான் அவை கண்ணுக்குத் தெரிகின்றன.

அளவும் பேசும். சிந்துவெளி நகரங்கள் செழித்த காலத்துச் செங்கல் எங்கே கிடைத்தாலும் கனம், அகலம், நீளம் பெரும்பாலும் 1:2:4 என்ற விகிதத்துக்குள் வரும். இங்கிலாந்தில் 1784இல் எண்ணிக்கைக்கு வரி போட்டதும் கல் பெருத்தது. 1850இல்தான் அந்த வரி நீங்கியது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு பாறையில் கல்வெட்டு தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கருங்கல் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் முருகன் கோயில் வெளிவந்தது. சங்ககாலத்தோடு அதைச் சேர்த்துச் சொல்வதற்கு அந்தப் பெரிய அளவுச் செங்கல்லும் ஒரு காரணம். அதனால் கிட்டப் படம் எடுக்கும்போதெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பிறகு உட்கார்ந்து படிக்கும்போது அதுதான் உதவுகிறது.

இல்லாமல்போன கல்லையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1850களில் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பா மேட்டிலிருந்து வண்டி வண்டியாகச் செங்கல் எடுத்துப்போய்த் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். 4000 ஆண்டுக்கு மேற்பட்ட வீட்டுச் சுவர்கள், ஏறக்குறைய 160 கிலோமீட்டர் பாதைக்கு. ஹரப்பாவில் மேல்சுவர் அதிகம் இல்லாததற்கு அது ஒரு காரணம். அங்கே எடுத்த படத்துக்குக் கீழே இதை எழுதாமல் விட்டால் சுவர்கள் ஏதோ தாமாகவே கரைந்துபோனதாகத்தான் பார்ப்பவர் நினைப்பார்.

பாகனில் கேள்வி இன்னும் சிக்கல். 1975 நிலநடுக்கத்தில் விழுந்தவற்றையும் முன்பே இடிந்து கிடந்தவற்றையும் 1990களில் புதுச் செங்கல்லால் எழுப்பினார்கள். அடித்தளம் மட்டும் இருந்த இடங்களில் மேலே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துக் கட்டியதாகக் கடுமையான விமர்சனம் வந்தது. 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் மறுபடி நூற்றுக்கணக்கான கோயில்கள் அடிபட்டன. தூரத்திலிருந்து சூரிய உதயத்தில் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே பழமை. பக்கத்தில் போனால் ஓரளவுக்கு மேலே நிறம் மாறுகிறது, விளிம்பு கூராக இருக்கிறது, சாந்து வேறு. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடி அதைப் படமெடுப்பதில் நான் செலவழிக்கும் நேரத்தைப் பார்த்துக் கூட வருகிறவர்கள் பொறுமை இழக்கிறார்கள். உதயத்தைத்தான் ஆயிரம் பேர் எடுத்துவிடுகிறார்களே.

நண்பரோடு இன்னும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஜேதவனாராமயவுக்கும் பூச்சு வேண்டும் என்கிறாயா என்று கேட்கிறார். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அது மொட்டையாகி நெடுங்காலம் ஆகிவிட்டது, பூச வேண்டுமானால் ஏராளமாக ஊகிக்க வேண்டியிருக்கும். ஆனால் பழைய பூச்சுக்குச் சாட்சி இருக்கிற இடத்தில், செய்யத் தெரிந்த கையும் இருக்கிற இடத்தில், கல்லைக் காப்பாற்ற அதுவே வழி என்றால் பூசட்டும், நம் படம் கெட்டால் கெடட்டும். அவருக்கு இது ஏற்பில்லை, பழுது தெரிய வேண்டும் என்கிறார்.

சாட்சி என்றதும் புத்தகயா நினைவுக்கு வருகிறது. இன்று நாம் பார்க்கும் மகாபோதி கோயிலின் தோற்றம் 1880களில் ஆங்கிலேயர் காலத் தொல்லியலாளர்கள் கன்னிங்காமும் பெக்லரும் செய்த புதுப்பிப்பின் விளைவு. இடிபாடுகளுக்கு நடுவே கிடைத்த சின்னக் கல் மாதிரிக் கோயில் ஒன்று அவர்களுக்கு வழிகாட்டியாக உதவியது. யாரோ எப்போதோ செய்து வைத்த உருவம். உங்கள் பழைய ஹார்ட் டிஸ்கிலும் அப்படி உதவக்கூடிய படங்கள் இருக்கலாம். பூச்சு இன்னும் ஒட்டியிருந்தபோது எடுத்த ஒரு மூலை, இப்போது இல்லாத ஒரு சுதை உருவம், மரச்சட்டம் விழுவதற்கு முந்திய ஒரு கூரை. முன்னால் நிற்கும் ஆளுக்காக எடுத்த படமாக இருந்தாலும் அவருக்குப் பின்னால் சுவர் இருக்குமே. தேதியையும் இடத்தையும் எந்தப் பக்கத்துச் சுவர் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள், திசை தெரிந்தால் அதையும்.